லிஸ்ட்டில் இன்னும் இருக்கும் பாய்க்கு

நேற்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, நீங்கள் தைத்துக் கொடுத்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். ரிடையர் ஆன பிறகு அதைப் போட அதிகம் காரணம் கிடைப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, அப்புறம் சுதந்திர தினம். துணியால் தேய்க்கத் தேய்க்க, பாலிஷ் நெடிக்கு அடியிலிருந்து தோலின் வாசனை எழுந்து வந்தது. எனக்கு அது உங்கள் வீட்டு முன்னறை வாசனை. தையல் மிஷினும் வெட்டிய தோல் துண்டுகளும் ஆறிப்போன டீயும் சேர்ந்த வாசனை.

அந்த நேரம் பார்த்து, நான் வேலை பார்த்த போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். புதிதாக வந்திருக்கும் ரைட்டர்.

"ஏட்டய்யா, நாளைக்கு கொடியேத்தம். சந்தேக லிஸ்ட்ல இருக்கிறவங்கள இன்னிக்கே கூப்ட்டு உக்கார வைக்கணும். ஒரு பாய் பேர் இருக்குது, போனே போவல. உங்களுக்குப் பழக்கமாமே. ஆள் எங்க இருக்கார்?"

"ஆள் எங்கியும் போகல தம்பி. மசூதிக்குப் பின்னால கபர்ஸ்தான்ல இருக்கார்."

"இங்க பேரு அப்படியேதான் சார் இருக்குது" என்றான், பாவம், அவன்தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு ஒற்றை ஷூவை மடியில் போட்டுக்கொண்டு இருட்டுகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உங்களை நான் முதலில் பார்த்தது உங்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில். பார்த்தேன் என்று சொல்வதே தப்பு, நீங்கள்தான் என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் ஜெயிலிலிருந்து ஊர் திரும்பிய புதிது. குற்றமில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது, ஆனாலும் ஆள் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று மேலிடத்து உத்தரவு. என்னை மப்டியில் போட்டார்கள். கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு பை, தோல் புரோக்கர் வேஷம். ஆட்டுத்தோல் விலை படுத்துவிட்டது என்று கடைக்காரரிடம் புலம்பிக்கூடப் பார்த்தேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னீர்கள். என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வேஷம்லாம் நல்லாதான் இருக்குது சார். ஆனா டிபார்ட்மெண்ட் ஷூ போட்டுகினு வந்துட்டீங்களே" என்றீர்கள். "இது ஆம்பூரு. இங்க எவனும் மூஞ்சப் பாக்கமாட்டான், காலத்தான் பாப்பான்."

கடையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து போனேன். மறுநாள் வந்தபோது தெருவுக்கே நான் ஏட்டு சார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு நிழலில் நாற்காலி எடுத்துப் போட்டார். இப்படி ஒரு ரகசியக் கண்காணிப்பு டிபார்ட்மெண்டில் எங்கும் நடந்திருக்காது.

உங்கள் கேஸை நான் படித்திருந்தேன். தோல் பதனிடும் டேனரியில் கெமிக்கல் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வருகிற பையன்களுக்கு இங்கே விலாசம் கிடையாது, அதனால் சிம் கார்டும் கிடைக்காது. உள்ளூர் ஆள் ஒருவர் தன் பேரில் வாங்கிக் கொடுப்பது அப்போது டேனரிகளில் சாதாரண வழக்கம். நீங்களும் வாங்கிக் கொடுத்தீர்கள். அவர்களில் ஒருவன் ஊருக்குத் திரும்பும்போது அரக்கோணம் ஜங்ஷனில் போனை சிம்மோடு யாருக்கோ விற்றுவிட்டுப் போனான். அது கை மாறிக் கை மாறி, எங்கோ வேறு மாநிலத்தில் பஸ் நிலையத்தில் குண்டு வைத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. சிம் உங்கள் பேரில், வேலை கெமிக்கல் ஸ்டோரில், பேரோ பாய் பேர். கேட்க வேண்டுமா? பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள், அதில் ஜாமீன் குதிரைக்கொம்பு. நீங்கள் வெளியே வருவதற்குள் உங்கள் அம்மா போய்விட்டார், பாவாடை கட்டிக்கொண்டிருந்த மகள் பர்தா போட ஆரம்பித்திருந்தாள். எந்த டேனரியும் உங்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. முன்னறையில் மிஷினைப் போட்டு ஷூ தைக்க உட்கார்ந்தீர்கள்.

"சிம் வாங்கிக் குடுத்தது தப்புதானே பாய்?" என்று ஒருநாள் போலீஸ் புத்தியில் கேட்டேன்.

"தப்புதான். ஆனா புள்ள அம்மாகிட்ட பேசணும்னு வந்து நின்னா, ஏட்டு சார், நீங்க இன்னா பண்ணுவீங்க?"

டீ வந்தது. வாங்கிக் குடித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நானும் காக்கி போட்டவன். குண்டு வெடித்த ஒரு கடைவீதிக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறேன். தெரு முழுக்க ஒற்றைச் செருப்பாகக் கிடந்தது. அரசாங்கத்தின் பயம் பொய்யான பயம் இல்லை என்று எனக்குத் தெரியும். இதை உங்களிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். நீங்கள் மிஷினை நிறுத்தினீர்கள். "கொழந்தைங்க செருப்பும் இருந்துதா?" என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டியதும் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "குண்டு வெச்சவனுங்க நாசமாப் போவட்டும். அது அங்க வெடிச்சு முடிஞ்சிட்டுது. என் வீட்ல இன்னும் வெடிச்சுகினே இருக்குது" என்றீர்கள். உங்களிடமிருந்து நான் கேட்ட ஒரே புலம்பல் அதுதான்.

கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் உங்களுக்கு ஸ்டேஷன் வாசம் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. நான் கூப்பிட வருவதற்குள் நீங்களே வந்துவிடுவீர்கள். ஒரு தலையணை, துண்டு, நான் பாபி என்று கூப்பிடும் உங்கள் வீட்டம்மா கட்டிக் கொடுத்த பிரியாணி. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பெஞ்சின் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொள்வீர்கள். பிரியாணி உங்களுக்கு மட்டும் இருக்காது, ஸ்டேஷனுக்கே இருக்கும். காலையில் கொடி ஏறும்போது எங்களையெல்லாம் விட விறைப்பாக நிற்பவர் நீங்கள்தான். அப்புறம் லட்டு கொடுப்பார்கள். உங்களுக்குச் சர்க்கரை வியாதி, வீட்டில் இனிப்பு வாசனைகூடக் கிடையாது. "இது கவர்மெண்ட் லட்டு. உங்க பாபி இதுல கேஸ் போட முடியாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவீர்கள்.

உங்கள் பேரை எடுத்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் மாறும்போதெல்லாம் போய்ச் சொன்னேன். ஒருவரும் கெட்டவர் இல்லை. "கோர்ட்டே விட்டுடுச்சுன்னு எனக்கும் தெரியும்யா. நான் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு, நாளைக்கு எங்கனா ஒண்ணு ஆச்சுன்னா? அடுத்த ஆள் வந்து எடுக்கட்டும்" என்பார்கள். அடுத்த ஆள் வந்து அதையேதான் சொல்வார். சேர்ப்பதற்கு ஒருவனுடைய சந்தேகம் போதும், எடுப்பதற்கு ஒருவனுடைய தைரியம் வேண்டும். சந்தேகம்தான் எங்களிடம் ஜாஸ்தி.

இதையெல்லாம் நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள். தாங்க முடியாமல் போனது மகளின் கல்யாணம். வருகிற இடமெல்லாம் தட்டிப்போனது. பெண்ணைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள். தெருமுனையில் யாராவது "அந்த வீட்டுக்கு போலீஸ் வருமே" என்பார்கள், அத்தோடு சரி. பேரணாம்பட்டிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தபோது, இதுவும் தட்டிப்போகுமோ என்று பாபி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் நீங்கள் இந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். கறுப்புத் தோல், ஒரு சுருக்கம் இல்லை.

"வேணாம் பாய். நான் உங்களக் கண்காணிக்கிற ஆள். இது லஞ்சம்."

"லஞ்சம் இல்ல சார், பாதுகாப்பு. அவங்க வர்ற அன்னிக்கு நீங்க எப்படியும் வந்து நிப்பீங்க. அந்த டிபார்ட்மெண்ட் ஷூவ மட்டும் போட்டுகினு வராதீங்க. உங்க காலால என் பொண்ணு வாழ்க்க போயிடப் போவுது."

போட்டுக்கொண்டு வந்தேன். தோல் வியாபாரம் செய்கிற தோஸ்த் என்று அறிமுகப்படுத்தினீர்கள். மாப்பிள்ளையின் அப்பா முகத்தை விட்டுவிட்டு என் காலைத்தான் பார்த்தார். "அருமையான வேலப்பாடு" என்றார். உங்கள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மக்கன் பேடா இனிப்புத் தட்டு வந்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

வெளியே போய்ப் பேசினேன். வடக்கே ஏதோ நகரத்தில் காலையில் குண்டு வெடித்திருக்கிறது. லிஸ்ட்டில் இருக்கிற எல்லோரையும் உடனே கொண்டுவர வேண்டும். திரும்பி உள்ளே வந்ததும் என் முகத்தைப் படித்துவிட்டீர்கள். "அவங்க போற வரைக்கும் நான் சமாளிக்கிறேன், கம்முனு இருங்க" என்று உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்தீர்கள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினீர்கள்.

"பெரியவரே, மறைச்சு பொண்ணு குடுக்க மனசு வரல. இவர் தோல் வியாபாரி இல்ல. போலீஸ். செய்யாத தப்புக்கு ஜெயில்ல இருந்தவன் நான், கோர்ட்ல விட்டுட்டாங்க. ஆனாலும் என்னைக் கண்காணிக்கத்தான் இவர் வந்துகினு இருக்கார். இப்பவும் என்னைக் கூட்டிகினு போவத்தான் போன்."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. நீங்கள் நிறுத்தவில்லை.

"சம்பந்தம் பேசறதுக்கு முன்னால நாலு பேர விசாரிப்பீங்க. பக்கத்து வீட்டான் ஒண்ணு சொல்லுவான், கடக்காரன் ஒண்ணு சொல்லுவான். இவர மாதிரி என்னை விசாரிச்ச ஆள் இந்த துனியாவுல கிடையாது. இவரக் கேளுங்க. இவர் இன்னா சொல்றாரோ அதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லிஸ்ட்டில் இருப்பவருக்கு ஒரு ஏட்டு நற்சான்று கொடுத்தான் என்று மேலே தெரிந்தால் என் வேலைக்கே உலை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குனிந்து பார்த்தேன். காலில் நீங்கள் தைத்த ஷூ.

"பெரியவரே," என்றேன், "வருஷக்கணக்கா இவர் வாசல்லதான் எனக்கு டூட்டி. இவர் மேல ஒரு தப்பு கண்டுபுடிச்சா எனக்குத்தான் நல்ல பேரு. தேடாத இடமில்ல. ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது. வீட்டம்மாவுக்குத் தெரியாம டீயில சக்கர ஜாஸ்தி போட்டுக் குடிக்கிறார்."

"யா அல்லா, எனக்கு அப்பவே தெரியும்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து பாபி குரல்.

முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தான். அப்புறம் எல்லோரும். பெரியவர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "மனசுல கை வெச்சு சொல்லுங்க. இது நல்ல வீடா?"

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க. இவர மாதிரி ஒரு அப்பனா நான் இருக்கிறேனான்னு அடிக்கடி நெனப்பேன்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

பெரியவர் மக்கன் பேடாவைக் கையில் எடுத்தார். "கவர்மெண்டே விசாரிச்சுக் குடுத்த சம்பந்தம். இதுக்கு மேல நான் இன்னாத்த விசாரிக்கிறது" என்று வாயில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போனதும் நீங்கள் தலையணையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினீர்கள். ஸ்டேஷன் வாசல் வந்ததும் நின்று, "ஷூ கடிக்குதா ஏட்டு சார்?" என்று கேட்டீர்கள்.

"இல்ல பாய்" என்றேன்.

கல்யாணச் சாமான் வாங்க வேலூர் லாங் பஜாருக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஊரை விட்டு வெளியே போனால் நான் பின்னால் வர வேண்டும். வந்ததுதான் வந்தேன், பையை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் நான் பாத்திரக் கட்டோடு திணற, "போலீஸ் பந்தோபஸ்தோட சீர் வாங்கின ஒரே அப்பன் நான்தான்" என்று கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அப்புறம் நான் ரிடையர் ஆனேன். உங்களுக்குச் சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்க வரும்போதெல்லாம் "பேர எடுத்துட்டாங்களா?" என்பீர்கள். "இதோ, எடுத்துடுவாங்க" என்பேன். கடைசித் தடவை நான் அதைச் சொல்லவிடவில்லை நீங்கள். "எடுக்காட்டி போவுது. வருஷா வருஷம் என்னை நெனச்சுப் பாக்க ஒரு ஆபீசாவது இருக்குதே" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், பாய்.

இன்று காலை ஷூவைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னலோரத்து பெஞ்சில், உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொடி ஏறும்போது எழுந்து, நீங்கள் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றேன். முட்டி வலித்தது. ரைட்டர் தட்டோடு வந்தான். ஒரு லட்டு எடுத்துக்கொண்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினேன்.

"யாருக்கு சார்?"

"லிஸ்ட்ல இருக்காரே, அவருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டை என் பக்கம் தள்ளினான்.

இதை எழுதும்போது லட்டு காகிதத்தில் சுற்றி என் சட்டைப்பையில் இருக்கிறது. சாயங்காலம் பேரணாம்பட்டுக்குப் போகிறேன். உங்கள் பேத்திக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. அவளுடைய நானா, அம்மாவைப் பெற்ற தாத்தா, அனுப்பினார் என்று கொடுப்பேன். ஜனவரியில் குடியரசு தினத்துக்கும் போய் வாங்குவேன். உங்கள் பேரை எடுக்கிற வரைக்கும் உங்கள் பங்கை நான் விடுவதாக இல்லை.