செம்மநத்தம் கணினியில் நீங்கள் விட்ட காலி இடம்

ஏனுங்க, இப்படித்தான் தொடங்க வருகிறது. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லையே.

செம்மநத்தம் எஸ்டேட் கொட்டகைக்குள் பனி புகுந்து கிடக்கிறது. எழுதும்போதே நீங்கள் பின்னால் நின்று படிப்பது போல இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள், பனிக்கு அந்தப் பக்கமா?

காப்பிக்கொட்டையின் ஈரத்தை அளக்க நீங்கள் கணினியில் செருகிய அட்டை இடியில் கருகிவிட்டது. பழையதில் ஈரம் அளக்கும் அளவி ஒன்றுதான்; புது அட்டையில் இரண்டைப் பொருத்தலாம். அந்த அட்டையைக் கணினியோடு பேசவைக்கும் லினக்ஸ் டிரைவரை எழுதியது நான்தான். சிரிக்காதீர்கள்.

டிரைவரை எழுதிவிடலாம். இந்தக் கணினியில் நீங்கள் எழுதி வைத்துப்போன ஹெடர் கோப்புதான் பயமுறுத்தியது. டிரைவரும் புரோகிராமும் எதை எந்த இடத்தில் வைத்துப் பேசிக்கொள்வது என்று சொல்லும் கோப்பு அது. வரிசையோ அளவோ மாறினால் பழைய புரோகிராம் நின்றுவிடும். இங்கே ஓடுவது நீங்கள் கடைசியாக எழுதிய புரோகிராம். அதன் மூலநிரல் உங்கள் பழுதான டிஸ்கோடு போயிற்று; இனி யாராலும் திருத்த முடியாது. அது நின்றால் நீங்கள் இன்னொரு முறை போனது போலத்தான் எனக்கு.

அட்டை விற்றவர், "எல்லாத்தையும் புதுசா அடுக்கிருங்க, சுத்தமா இருக்கும்" என்றார். எனக்குச் சுரீரென்றது.

அப்போதுதான் கோப்பின் கடைசியில் நீங்கள் விட்டிருந்த காலி இடங்களைப் பார்த்தேன்.

"எதுக்குங்க இந்த வெத்து எடம்?" என்று அன்று கேலி செய்தேனே?

"மஞ்சக்குட்டை ஜீப்புல ஒரு எடத்தக் காலியா உட்டுட்டுத்தான கெளப்பறாங்க? அடுத்த வளைவுல யாராச்சும் நிப்பாங்கல்ல அம்மிணி. அதுவரைக்கும் பூஜ்யத்தப் போட்டு வெச்சா போதும்."

அன்று முழுக்க உங்களை ஜீப்காரரே என்றுதான் கூப்பிட்டேன்.

எந்த அளவியைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணை முதல் காலி இடத்தில் வைத்தேன். பூஜ்யம் என்றால் பழையபடி முதல் அளவி. உங்கள் புரோகிராம் அங்கே பூஜ்யத்தைத்தானே அனுப்பும்? இன்று ஓட்டினேன். ஒன்றுமே நடக்காதது போல ஈரத்தின் அளவு திரையில் வந்தது.

எஸ்டேட் ரைட்டர் எட்டிப் பார்த்து, "அவரு புரோகிராமுங்களா? நொம்ப நல்லா ஓடுதுங்க" என்றார். அழுதுவிட்டேன்.

நீங்கள் போனதிலிருந்து ஜீப்பில் என் பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டேதான் வருகிறேன். இன்று ஊருக்குத் திரும்பும்போது அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். வளைவில் நிற்பவர் உட்காரட்டும். கோப்பில் மிச்சமுள்ள இடங்களையும் அப்படியே விட்டுவைக்கிறேன், எனக்குப் பின்னால் வருகிறவருக்கு.

என்றும் உங்கள் மனைவி,
அம்மிணி