இரண்டு வெள்ளைக் கற்களுக்கு நடுவே

மதினி, இந்தக் கடுதாசியை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். உங்களிடம் இப்படிச் சொல்வது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. நீங்கள் இனி யாரிடம் காட்டப்போகிறீர்கள்? ஆனாலும் இது வேறு யார் கையிலாவது கிடைத்தால், படிக்கிறவர் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், என் அண்ணனுக்கு மட்டும் படித்துக் காட்ட வேண்டாம். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அம்மாவும் அண்ணனும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கின் வெளிச்சம் அவர்கள் முகத்தில் படாதபடி ஒரு தகரத் துண்டை மறைப்பாக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டில் கடைசித் தாளைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கறுப்புக் கம்பளியைப் போர்த்தியிருக்கிறேன். உங்கள் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி ஆற்றில் விட்டார்கள் அல்லவா? இதை மட்டும் நான் விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். அது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அதை எடுத்துப் போர்த்தியதும் புகை வாசனை வந்தது. போன வருஷம் வெட்டிய புல்லைக் கூட்டி எரித்தோமே, அந்தப் புகைதான் இன்னும் நூலில் தங்கியிருக்கிறது போலும். அந்த வாசனையில் நீங்கள் பக்கத்தில் இருப்பது போல இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு உங்கள் கடற்கரை ஊரிலிருந்து போடி வழியாக மலை மெட்டு ஏறி வந்தது ஐப்பசி மழையில். முதல் நாளே காலில் ஒரு அட்டை ஏறியதற்கு தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி அலறினீர்கள். அடுத்த வீட்டு வேலம்மாள் பெரியம்மா வாசலில் நின்று சிரித்தாள்.

"கடலப் பாத்து வளந்த புள்ள, ஒரு அட்டையப் பாத்து இந்தப் பாடு படுதாளே!"

"கடலு என்ன சேலைக்குள்ளயா ஏறுது பெரிம்மா?" என்றீர்கள், அழுகையை நிறுத்தாமலே. பெரியம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் அவள் சேலையிலேயே விழுந்தது. அன்றிலிருந்து நீங்கள் அவளுக்குச் செல்லம்.

அந்த வருஷம் மாசியில்தான் மேட்டுப் புல்லில் தீப்பிடித்துக் கீழ் லயத்துக்குள் இறங்கியது. ஆறு வீடுகள். ஆட்கள் ஓடித் தப்பினார்கள். கட்டியிருந்த கறவை மாட்டை அவிழ்க்க யாருக்கும் நினைவு வரவில்லை. மறுநாள் காலையில் அந்த மாடு கிடந்த இடத்தில் நீங்கள் வெகுநேரம் நின்றீர்கள். பிறகு மலையைப் பார்த்தீர்கள். தேயிலையைச் சுற்றியும் பாக்டரியைச் சுற்றியும் துரை ஆள் வைத்துப் புல்லை வெட்டி, மண் தெரியத் தடம் எடுத்திருந்தார். தேயிலையில் ஓர் இலை கருகவில்லை.

"ஏட்டி, தேயிலைக்குத் தடம் இருக்கு. நமக்கு எங்க?" என்று என்னைக் கேட்டீர்கள். லயத்துக்கு மேலே உள்ள புல்மேடு யாருடைய பொறுப்பும் இல்லை என்பதை அதுவரை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினீர்கள். வேலம்மாள் பெரியம்மா உங்களுக்குப் பின்னால். அப்புறம் நாலு பேர். அதற்கடுத்த ஞாயிறு ஆண்களும் வந்தார்கள். கூலி இல்லாத வேலை. கங்காணி கீழே நின்றுகொண்டு, "கொழுந்து எடுக்கச் சொன்னா கை வலிக்கும், புல்லு வெட்ட மட்டும் வலிக்காதோ?" என்று கத்தினார்.

"கொழுந்து எரிஞ்சா தொரைக்கு நட்டம். வீடு எரிஞ்சா எங்களுக்குல்ல நட்டம், கங்காணியாரே! ஒங்க வீடும் இந்தப் பக்கந்தான் இருக்கு, மறந்துராதிய!" என்றீர்கள் மேட்டிலிருந்தபடியே.

மறு ஞாயிறு கங்காணியின் மகன் அரிவாளோடு வந்து நின்றான்.

அப்படித்தான் எங்கள் மொட்டைத் தடம் உண்டானது. மேட்டின் விளிம்பு நெடுக, இரண்டு ஆள் படுக்கிற அகலத்துக்குப் புல்லை வெட்டி, வாரி, மண்ணை மட்டும் விட்டுவைக்கிற தடம். நடந்து அளந்து, வீட்டுக்குப் பத்தொன்பது எட்டு. ஒவ்வொரு வீட்டுப் பங்கின் இரண்டு முனையிலும் சுண்ணாம்பு பூசிய கல். நம் வீட்டுப் பங்கு நடுவில், கீழே பள்ளம் நேராக லயத்துக்கு இறங்குகிற இடம். அதை நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். தை மாதம் உறைபனி விழுந்து புல் காய்ந்ததிலிருந்து மழை வரும்வரை, சாயங்காலம் இரண்டிரண்டு பேராகப் பாறைமேல் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்ப்பது. புகை கண்டால் தகரத்தைத் தட்டுவது. மாடு மேய்க்கிறவர்கள் புதுப்புல் வேண்டி எங்கோ வைக்கிற நெருப்பு எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாதே.

"தீக்குக் கண்ணு கெடையாது ஏட்டி, காலுதான் உண்டு. கால் வைக்க எடமில்லேன்னா நின்னுரும்" என்பீர்கள். மூன்று வருஷமாக அது இரண்டு தடவை வந்து, நம் தடத்தின் ஓரத்தில் நின்று, அணைந்துபோனது. நான் பார்த்திருக்கிறேன். கால் வைக்க இடமில்லாமல் நின்றது.

இந்தத் தையில் உறைபனி விழுந்த மறுநாள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள், புதன்கிழமை, போய்விட்டீர்கள். அதற்கு முந்தின நாள் என்னை அருகில் கூப்பிட்டு, "தடம் வெட்டியாச்சா?" என்று கேட்டீர்கள். வெட்டியாயிற்று என்று பொய் சொன்னேன். உங்களைத் தூங்க வைப்பதற்காகச் சொன்னேன். அந்தப் பொய்தான் என்னை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஏறித் தடம் வெட்டினார்கள். நம் வீட்டில் தீட்டு. பதினாறு முடியும்வரை நாம் ஊர் வேலையில் கை வைக்கக் கூடாது. தோட்டத்தில் மூன்று நாள்தான் லீவு கொடுத்தார்கள். அம்மாவும் அண்ணனும் நாலாம் நாளே வேலைக்குப் போனார்கள். அதற்குத் தீட்டு இல்லை, தடத்துக்கு மட்டும் தீட்டு. சரி, வேறு யாராவது நம் பங்கை வெட்டியிருக்கலாமே? வெட்டவில்லை. இரண்டு பக்கமும் மண் தெரிய வாரிவிட்டு, நம் வெள்ளைக் கற்களுக்கு நடுவே மட்டும் இடுப்பளவு காய்ந்த புல்லை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்கள்.

நான் வேலம்மாள் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"செத்தவ பங்கத் தொட்டா, அவ வேலைய நாம வாங்கிக்கிட்ட மாதிரி புள்ள. வேலைய வாங்கினவள அவ கூடவே கூப்பிட்டுக்கிடுவா. பதினாறு கழியட்டும். எல்லாருமாச் சேந்து ஒரு நேரத்துல வெட்டிப் போடுதோம்."

"அதுக்குள்ள தீ வந்தா பெரிம்மா?"

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். ஆனால் அவள் கண் மேட்டுக்குத்தான் போனது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நான் போனேன், மதினி. அம்மா தேயிலைக் காட்டிலிருந்து வர ஐந்து மணி ஆகும். உங்கள் அரிவாள், உங்கள் வாரியல். குளிருக்கு உங்கள் கம்பளி. மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவரைத் தெரியாது, அது எனக்கு வசதியாக இருந்தது. நாலு நாள் வெட்டினேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. எழுதும்போது பென்சில் குத்துகிறது. பத்து எட்டுத் தூரம் வெட்டினேன். வெட்டியதை அள்ள நேரம் போதவில்லை. நடுவில் அப்படியே குவித்து வைத்தேன். கடைசி நாள் ஒரே மூச்சில் அள்ளிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் இருந்தால் அதற்கே என் தலையில் குட்டியிருப்பீர்கள். நிற்கிற புல்லைவிட வெட்டிக் குவித்த புல் பொல்லாதது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மஞ்சு சட்டென்று விலகியது. பாறைமேல் காவலுக்கு முதல் ஆளாக வந்த வேலம்மாள் பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டாள். என்னை அல்ல, முதுகைக் காட்டிக் கொண்டு குனிந்து வாருகிற ஒரு கறுப்புக் கம்பளியை. ஆற்றோடு போனதென்று லயத்துக்கே தெரிந்த கம்பளியை. நான் திரும்புவதற்குள் அவள் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குள் லயம் முழுக்கப் பேச்சு. "அவ பங்க அவளே வந்து வாருதா." நான்கைந்து பேர் மறுநாள் உச்சி வெயிலில் ஏறிப் பார்த்தார்கள். பாதிப் பங்கு வெட்டிக் கிடந்தது. அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? பதினாறு கழிந்து குறி சொல்லும் கோடாங்கி வந்து பார்க்கும்வரை மேட்டுக்கு யாரும் போகக் கூடாது என்று பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லை. நானும் பள்ளிக்குப் போகவில்லை. இன்று பன்னிரண்டாம் நாள். வெள்ளியிலிருந்து பாறைமேல் ஒருவரும் இல்லை. தகரம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். கம்பளியை விறகுக்குப் பின்னால் போட்டுவிட்டு, சொல்லத்தான் வீட்டுக்கு ஓடிவந்தேன். உள்ளே அண்ணன் பேசிக்கொண்டிருந்தான். நீங்கள் போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன், கஞ்சி குடி என்றால் சுவரைப் பார்ப்பவன், அன்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"வந்திருக்கா பாத்தியாம்மா. எங்கயும் போகல. அவ பங்க முடிக்காமப் போக மாட்டா. எனக்குத் தெரியும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏட்டி, ஒங்க மதினிக்குச் செம்புல தண்ணி வையி. வேல செஞ்சு தாகமா இருக்கும்."

என் கையில் கொப்புளம் நீர் வடிந்துகொண்டிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையால் செம்பில் தண்ணீர் எடுத்து வாசற்படியில் வைத்தேன். தினமும் வைக்கிறேன். காலையில் அவன் எழுந்ததும் முதலில் செம்பைத்தான் பார்க்கிறான். குறையாமல் இருந்தால் அவன் முகம் வாடும் என்று, விடியுமுன் நான் எழுந்து ஒரு வாய் குடித்து வைக்கிறேன். இதையும் உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

இங்கே எழுதுவதை நிறுத்தி ஒரு காரியம் செய்தேன், மதினி. கம்பளியை மூக்கோடு சேர்த்து வைத்து முகர்ந்தேன். ஆட்டு மயிர் நாற்றம்தான் வருகிறது. ஈரமும் உங்கள் தலை எண்ணெயும் கொஞ்சம். புகை இல்லை.

புகை ஜன்னல் இடுக்கில் வருகிறது.

எழுந்து பார்த்தேன். எதிர்மலை முழுக்க இருட்டு. அதன் தோளில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு, வகிட்டில் குங்குமம் வைத்தது போல. சின்னதுதான். இன்னும் மலை தாண்டவில்லை. ஆனால் ஜன்னலில் வைத்த என் கையில் காற்று படுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிற காற்று.

இப்போது நான் தீ என்று கத்தினால் எல்லாரும் எழுவார்கள். பச்சைக் கிளை ஒடித்துக்கொண்டு மேட்டுக்கும் ஓடுவார்கள். ஆனால் நம் இரண்டு கற்களுக்கு நடுவே ஒருவரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். அதை நீங்கள் காப்பீர்கள் என்று விட்டுவிடுவார்கள். அங்கே ஒன்பது எட்டுத் தூரம் நிற்கிற புல். பத்து எட்டுத் தூரம் நான் காய வைத்த குவியல். அதற்குக் கீழே பள்ளம், பள்ளத்தின் கீழே இருபத்திரண்டு வீடு. கால் வைக்க இடத்தைத் தீக்கு நானே விரித்துக் கொடுத்திருக்கிறேன்.

வாருகிறது நீங்கள் இல்லை, நான்தான் என்று சொன்னால் அவர்கள் அங்கே இறங்குவார்கள். அண்ணன் மறுபடி சுவரைப் பார்ப்பான். நீங்கள் இரண்டாம் தடவை செத்தது போல ஆகும் அவனுக்கு. அதையும் நான்தான் செய்திருப்பேன். ஆனால் அவன் சுவரைப் பார்ப்பதற்கு வீடு ஒன்று இருக்க வேண்டுமே, மதினி.

கம்பளியை வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டேன். தீயை அடிக்க ஈரக் கம்பளிக்கு இணை இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் எண்ணெய் வாசனை இனி அதில் இருக்காது. அரிவாள் என் மடியில் இருக்கிறது. என்ன சொல்வது என்று மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். முதலில் அண்ணனை எழுப்புவேன். மற்றவர்களுக்கு முன் அவனிடம் சொல்வதுதான் முறை. கொப்புளத்தைக் காட்டினால் நம்புவான். அவனுக்குப் புரிந்ததும்

கதவைத் தட்டுகிறார்கள். யாரென்று தெரியவில்லை. மறுபடியும் தட்டுகிறார்கள். அண்ணன் விழித்துவிட்டான். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே கதவுக்குப் போகிறான், மதினி, சிரித்துக்கொண்டு போகிறான், அவன் திறப்பதற்குள் நான்