பக்கம் திருப்பும் இடம்

கயிற்றை அவிழ்த்ததும் ராசின் வாசனைதான் முதலில் வந்தது. வயலின் வில்லில் தேய்க்கிற அந்த மஞ்சள் கட்டியின் தூள் உன் சட்டைக் கையில், உன் சைக்கிள் கைப்பிடியில், நீ எழுதித் தருகிற காகிதத்தில் எல்லாம் ஒட்டியிருக்கும். மூன்று வருடமாகப் பரணில் கிடந்த கட்டு இது. வாசனை அப்படியே இருந்தது. நீதான் இல்லை. நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஏழு வருடம் இசைத்தாள் வைக்கிற ஒரே ஸ்டாண்டுக்கு முன்னால் முழங்கை இடிக்க உட்கார்ந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எழுதுகிறேன் பார், படிக்க நீ இல்லை என்று தெரிந்த பிறகு தைரியம் வந்திருக்கிறது. கோழைகளுக்கு எப்போதும் இப்படித்தான் வரும்.

நம் ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறிய பிறகு மிச்சமிருந்தவை பதினோரு மர ஸ்டாண்டும், பூச்சி தின்றது போக ஒரு பெட்டி இசைத்தாளும், மிஸ்ஸும்தான். ஆழ்வார்பேட்டையில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்த அந்த ஆங்கிலோ இந்திய அம்மாள், பழைய பின்னல் ஊசி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பதினேழு பேரையும் நடத்தினார். பேங்க் ஆபீசர், பல் டாக்டர், இரண்டு ஸ்கூல் டீச்சர்கள், உன்னைப் போல ஸ்டூடியோவில் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற நாலைந்து பேர், அப்புறம் சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாதிரியார் கற்றுக்கொடுத்த வயலினை மறக்காமல் வைத்திருந்த நான். மிஸ்ஸுக்கு யார் பெயரும் நிற்காது. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நீ சாந்தோம், நான் சைதாப்பேட்டை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உங்கள் சாந்தோம் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த ஹாலில் ஒத்திகை. கடல் காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகும் என்று எல்லா ஸ்டாண்டிலும் துணி கிளிப் மாட்டியிருக்கும். மெல்லிசாக வாசிக்க வேண்டிய இடத்தில் வெளியே மீன்காரம்மா கூவுவாள். மிஸ் ஊசியை இறக்கிவிட்டு, "அவங்க முடிக்கட்டும். அவங்க சுருதி நம்மளவிட சுத்தம்" என்பார்.

ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு வயலின். சபையைப் பார்த்து வெளிப்பக்கம் உட்காருகிறவர் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். உள்பக்கம் இருக்கிறவர் வாசிப்பதை விட்டுவிட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். உலகம் முழுக்க இதுதான் வழக்கமாம். இரண்டாம் வயலினுக்கு நாம் இரண்டு பேர் மட்டும்தான். நீ வெளியே, நான் உள்ளே. தாளம் போட்டு ஆடுகிற என் காலை உன் செருப்பால் மிதித்துக்கொண்டே நீ வாசிப்பாய். ஒரு நாள்கூட உன் வில் அதற்காகத் தடுக்கியதில்லை.

பெட்டியில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரே ஒரு முழுப்பிரதிதான் இருந்தது. அதிலிருந்து யார் யாருக்கு எது வேண்டுமோ அதைத் தனித்தனியாகப் பிரித்து நீதான் கையால் எழுதினாய். அந்தப் பதினேழு பேரும் வாசித்தது உன் கையெழுத்தைத்தான். நல்லா எழுதத் தெரிந்தவன் பக்கம் முடிகிற இடத்தில் ஒரு மௌனம் விழுகிற மாதிரி எழுதுவானாம், திருப்ப வசதியாக. எல்லாருக்கும் அப்படி எழுதினாய். நம் தாளில் மட்டும் பக்கத்தின் விளிம்பு வரை சுரங்களை அடைத்து வைத்திருப்பாய். ஏன் என்று கேட்டால், "திருப்பத்தான் நீ கீறியே நைனா, எனுக்கு இன்னா கவல?" என்றாய்.

உன் எழுத்து பெருத்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். முதலில் கடுகு. அப்புறம் மிளகு. மூன்றாவது வருடம் புளியங்கொட்டை. நான் கேலி செய்தேன், தாள் மலிவாகக் கிடைக்கிறதா என்று. பிறகொரு நாள் மிஸ், நீ எழுதாத அச்சுத்தாள் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து ஸ்டாண்டில் வைத்தார். நீ வில்லைத் தூக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாய். "நைனா, இது எந்த சுரத்துல ஆரம்பிக்குது?" என்று என் காதில் கேட்டாய். விளையாடுகிறாய் என்று நினைத்து, உன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

அன்று சாயந்திரம் கரையில் கட்டுமரத்தில் உட்கார்ந்து சொன்னாய். கண்ணின் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, கண்ணாடி போட்டுப் பிரயோஜனமில்லை. மூக்கை ஒட்டிப் பிடித்தால் எழுத்து தெரியும். ஸ்டாண்டு தூரத்தில் வெறும் மூட்டம். எழுதும்போதே மனப்பாடம் செய்துகொள்கிறேன் என்றாய். ஸ்டூடியோவில் கையில் கொடுத்த தாளைக் கொடுத்தவுடனே வாசிக்க வேண்டுமே என்றேன். பக்கத்தில் இருப்பவன் ஒரு தடவை வாசித்தால் காதில் பிடித்துக்கொள்வாயாம்.

"யார்ட்டயும் வாய வுட்டுடாத. பெரியவ டீச்சர் ட்ரெய்னிங் முட்ச்சி ஒரு வேலைக்குப் போற வரைக்கும் ஓட்டிட்டா போதும். அப்பால கண்ணு போனா போவுது."

உன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். இரண்டு வருடம் காப்பாற்றவும் செய்தேன். அதைச் சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடையாறில் அந்தப் பள்ளிக்கூட மண்டபக் கச்சேரி உனக்கு மறந்திருக்காது. இத்தாலிக்காரர் ஒருவர் எழுதிய வேகமான உருப்படி. பக்கம் திருப்பும் இடம் வந்ததும் கிளிப்பை எடுத்தேன். வியர்வைக் கையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டது. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாகிவிட்டது. வில்லைக் கீழே இறக்கிவிட்டுத் தாளோடு மல்லுக்கட்டினேன். நீ வேறு ஏதோ பக்கத்தைப் பார்த்த கண்ணோடு, வாசிக்க வேண்டியதைப் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தாய். பின்னால் இருந்தவர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார்கள்.

கச்சேரி முடிந்து பின்கட்டில் காப்பியும் போண்டாவும். மிஸ் நேராக என்னிடம் வந்தார். "செகண்ட் வயலின், அங்க என்ன ஆச்சு? சைதாப்பேட்டை, உன்னத்தான் கேக்கறேன்."

என் தப்பு மிஸ், இரண்டு தாள் சேர்ந்துவிட்டது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் என்ன சொன்னேன்?

"பக்கம் மாறினா என்ன மிஸ்? சாந்தோமுக்குத்தான் தாளே கண்ணுக்குத் தெரியாதே! ரெண்டு வருசமா எல்லாம் மனப்பாடம்தான், நோட்டப் பாக்கறதே இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். பல் டாக்டர் கைதட்டினார். ஸ்டூடியோக்களுக்கு வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிற வேலையிலிருந்த ஒருவர், கச்சேரி கேட்க வந்தவர், காப்பி டம்ளரோடு உனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரும் சிரித்தார். நீ மட்டும் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு என் குரல் வந்த திசையைப் பார்த்தாய்.

உன் பெருமையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். திட்டு என்மேல் விழாமலிருக்கத்தான் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது, பாவம். நான் என் வாயால் உன்னைக் கெடுத்தேன்.

அடுத்த வாரம் உனக்கு ஸ்டூடியோவிலிருந்து ஆள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நீயே கோடம்பாக்கம் வரை போய் ஸ்டூடியோ கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றுவிட்டு வந்தாய் என்று மற்றவர்கள் சொன்னார்கள். "ஒடம்பப் பாத்துக்கோ, அப்பறம் கூப்புடறேன்" என்று அந்த ஆள் தோளில் தட்டி அனுப்பினாராம். நீ இரண்டு ஞாயிறு ஒத்திகைக்கு வந்தாய். வழக்கம் போல என் காலை மிதித்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தொலைத்திருப்பேன். மூன்றாவது ஞாயிறு நீ வரவில்லை.

நான் உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். சைதாப்பேட்டையிலிருந்து சாந்தோம் என்ன சீமையா? ஒரு தடவை வேட்டி எடுக்க தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போனேன். பாவாடைத் துணிப் பிரிவில் உன் பெரிய மகள் நின்று துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ட்ரெய்னிங்கை விட்டுவிட்டாள் என்று அங்கேதான் தெரிந்தது. அவள் பார்ப்பதற்குள் திரும்பிப் படியிறங்கிவிட்டேன். அந்த வேட்டியை இன்றுவரை வாங்கவில்லை.

உன் நாற்காலியில் வேறு யாரையும் நான் உட்காரவிடவில்லை. மிஸ் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்து விட்டுவிட்டார். தனியாக வாசித்தேன், தனியாகத் திருப்பினேன். விளிம்பு வரை அடைத்து நீ எழுதிய தாள் அல்லவா, ஒவ்வொரு திருப்பத்திலும் நாலு சுரம் போகும். போகட்டும், எனக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து உன் மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அப்பா குடுக்கச் சொன்னாரு" என்று இந்தக் கட்டைக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாங்கிக்கொண்டேன். பழைய தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டாய், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பிரிக்காமல் பரணில் போட்டேன்.

உன் சாவுக்கு வந்தேன். கடைசி வரிசையில் நின்றிருந்த என்னை உன் மனைவி கண்டுபிடித்துக் கிட்டே வந்தார்.

"அந்தக் கட்டு சரியா இருந்துச்சா அண்ணே? எட்டு மாசம் குந்திகினு எயுதினாரு. நீங்க ஒண்டியா வாசிக்கிறீங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க, அதுலேருந்து தூக்கம் இல்ல. பெரியவ கோடு போட்டுக் குடுப்பா, இவுரு பூதக்கண்ணாடிய வெச்சிக்கினு எயுதுவாரு."

"சரியா இருந்துச்சும்மா" என்றேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படி ஒரு பொய்.

இன்றுதான் பிரித்தேன். நாம் வாசித்த அத்தனை உருப்படியும் புதிதாக எழுதியிருக்கிறாய். சுரங்கள் கோட்டை விட்டு அங்கங்கே இறங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் ஒரு மௌனத்தில் முடிகிறது. மௌனம் சீக்கிரம் வந்துவிட்ட இடங்களில் பாதித் தாளை வெறுமனே விட்டிருக்கிறாய். ஒற்றை ஆள் நிதானமாகக் கை நீட்டித் திருப்பிவிட்டு மறுபடி வில்லைத் தூக்கலாம். அடையாறில் நான் கோட்டைவிட்ட அந்த இத்தாலிக்காரர் உருப்படியில் மௌனமே கிடையாது. அந்தத் திருப்பத்தில் எட்டு சுரத்தை நீயே எழுதாமல் விட்டிருக்கிறாய். வாழ்நாளில் ஒரு சுரம் விடாதவன் நீ. ஓரத்தில் பெரிய எழுத்தில்: "இத்த வுட்டுடு நைனா. மெதுவாத் திருப்பு."

மத்தியானம் ஒத்திகையில் அதே உருப்படி, நீ எழுதிய இந்தத் தாளைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அந்த இடம் வந்தது. வில்லை இறக்கினேன், கிளிப்பை எடுத்தேன், ஒரே ஒரு தாளைத் திருப்பினேன். இரண்டாம் வயலின் எட்டு சுரத்துக்கு இல்லாமல் போனது. மிஸ் ஊசியைக் கீழே வைத்தார். வயதாகிவிட்டது அவருக்கு, ஆனாலும் காது அப்படியேதான் இருக்கிறது.

"அங்க என்ன ஆச்சு, சைதாப்பேட்டை?"

உன் நாற்காலி காலியாக இருந்தது. ஹாலில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தப்பு மிஸ்" என்றேன்.