கடை கேமராவில் வந்த லாரி

மார்ச் 4
காலை முழுக்க அதே லாரி. தெருமுனைக் கடையின் கேமராவில் பதிவான விபத்து; ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்லிப் போலீஸ் அனுப்பிய வீடியோ. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே லாரி வீடியோவின் எத்தனை படங்களில் (ஃபிரேம்களில்) கடக்கிறது என்று எண்ணி, தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர் வந்தது. அந்தச் சாலையில் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது. இன்ஸ்பெக்டருக்குப் போனில் சொன்னேன். "போதும் மேடம், டிரைவர் தப்பிக்க முடியாது" என்றார்.

மார்ச் 6
அந்த லாரி மோதி இறந்தவரின் மனைவி கூப்பிட்டாள். இன்ஸ்பெக்டர் நம்பர் கொடுத்திருக்கிறார். "நீங்க ஒருத்தராவது உண்மையச் சொன்னீங்களே அக்கா." நான் அவளிடம் பேசக் கூடாது. பேசினேன். இந்த வீட்டில் குக்கர் விசிலுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9
இன்றும் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்றாள். என்னை அப்படிக் கடைசியாகக் கேட்டது யார்?

மார்ச் 11
அறிக்கை எழுத வீடியோவை மறுபடி ஓட்டினேன். தெருவில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. நாய்கூட ஆபீசுக்கு நேரமானது போல் போகிறது. திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நொடிக்கு இருபத்தைந்து படம் என்று நம்பியிருந்தேன். கேமரா எடுத்ததோ பதினைந்துதான். அதை இருபத்தைந்தாக ஓட்டுவதால் வீடியோ வேகமாக ஓடுகிறது. லாரி வந்தது நாற்பத்தொன்றில்! முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்த்திருக்கிறேன்.

மாற்றி எழுதினால் அவள் இனிமேல் பேச மாட்டாள். சீ, இதுவா கவலை? அங்க ஒருத்தன் கம்பி எண்ணிக்கிட்டு இருக்கான், எனக்குப் போன் வரணுமாம்.

மார்ச் 12
திருத்திய கணக்கோடு அறிக்கையை அனுப்பிவிட்டேன். இன்ஸ்பெக்டர் குதித்தார். அவளிடம் நானே சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 19
போன் இல்லை.

மார்ச் 27
டிரைவரை விட்டுவிட்டார்களாம். நிம்மதிதான். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஏப்ரல் 2
கூப்பிட்டாள்.

"லாரி வேகமா வரலைன்னா தப்பு என்னோடதுதான்க்கா. சீக்கிரம் வாங்கன்னு நான்தான் அவருக்குப் போன் போட்டேன். ஸ்டேஷன்ல வீடியோ காட்டினாங்க. ரோட்டுல ஓடி வர்றாரு."

"ஓடலைம்மா. வீடியோதான் ஓடுது. சரியான வேகத்துல வச்சுப் பாத்துட்டேன். சாவகாசமாத்தான் நடந்து வந்தாரு."

அழுதாள். "ஆமா, எத்தனை தடவ சொன்னாலும் அவசரப்படவே மாட்டாரு," என்றாள். "அந்த நடையை நான் ஒரு தடவ பாக்கணும்க்கா."

நாளை வருகிறாள். இரண்டாவது நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளை மடித்து உள்ளே வைத்தேன்.