தலைகீழாக நின்ற எழுத்து

ஷாங்காய்

அன்பு மகன் ஷாவ்யூவானுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் பெய்லானும் சுகம், இந்த மழையில் என் முழங்காலுக்கு மட்டும்தான் சுகமில்லை. பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. பெய்லானை அச்சாபீஸிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாமே, அடுத்த கப்பலில் ஏற்றிவிடு என்று எழுதியிருக்கிறாய். உனக்குச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார், மீதியை நான் சொல்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடப் புத்தகம் ஒன்றை அவளிடம் அச்சுக் கோக்கக் கொடுத்தார்கள், விளக்கைப் பற்றிய பாடம், வரிக்கு வரி வெளிச்சம் என்கிற எழுத்து. அது உன் அப்பா பெயராயிற்றே, அவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து நம் வீட்டில் அதை எழுதும்போது மரியாதைக்காக அதன் கடைசிக் கோட்டைப் போடாமல் விட்டுவிடுகிறோம். ஈயத்தில் வார்த்த எழுத்தில் ஒரு கோட்டை மட்டும் எப்படி விடுவது? பெண் அந்த எழுத்து அத்தனையையும் தலைகீழாகச் செருகிவிட்டாள், அடிப்பக்கம் பதிந்து தாளில் அங்கங்கே கறுப்புக் கட்டம். ஷூ என்கிற மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாடத்துல ஈ மொய்ச்சிருக்கு?" என்றாராம். "அது எங்க தாத்தா பேருங்க, முழுசா வைக்க மாட்டேன்" என்றாளாம். "அப்ப தாத்தாவையே வந்து கோக்கச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

அவரால் வர முடியாது, அதனால் அவளைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். அந்தக் கூடத்தை நீ பார்க்க வேண்டும், சுவர் முழுக்க எழுத்துப் பெட்டிகள், பக்கத்து அறையில் யந்திரம் ஓயாமல் தாளைக் கக்குகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வாய் பிளந்து நின்றேன். பிறகு இவளிடம், "வெளிச்சத்தை மறைச்சுட்டா பிள்ளைங்க எதைடி படிக்கும்? முழுசா வை. தாத்தா கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வரட்டும்" என்றேன். ஷூ சிரித்துவிட்டார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள், என்ன விரல்கள் அவை! இப்போது தினமும் வேலைக்குப் போகிறாள். அந்தப் புத்தகம் கப்பலேறி உன் ஊர்ப் பள்ளிக்கும் வருகிறதாம், உன் அப்பா பக்கத்திலிருக்கும் சூச்சோவைத் தாண்டாதவர்.

ஒரு பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு அவள் இங்கேயே இருக்கலாம் என்று ஒரு வரி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள், முன்னோர் துணை இருப்பார்கள்.

இப்படிக்கு உன் அம்மா,
மிங்கின் மனைவி.
(அவர் பெயரில் கோடு எதையும் விடவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்.)