புரியாமல் ஆட்டிய தலை

ஆனி 2, திங்கள்

காலையிலேயே வெயில். கம்பெனி வேன் லேட். பேத்திக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டும், மறக்கக் கூடாது.

புது மாடல் வந்தது. கைத்தையல் ஷூ, தோல் மெத்தென்று. புது மாடலைத் தைக்கச் சொல்லித் தரும் மாடல் சார் எங்கள் டேபிளுக்கு வந்து மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். பாதி இங்கிலீஷ். "புரிஞ்சிதாம்மா?" என்றார். "புரிஞ்சிது சார்" என்றேன். ஒன்றும் புரியவில்லை. டேபிளுக்கு லீடர் நான். இத்தனை பெண்கள் முன்னால் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அஞ்சாவது படித்தவள் லீடரா என்று கேட்ட வாய்கள் இங்கேயே இருக்கின்றன. எத்தனை வருஷமாகத் தைக்கிறேன், இதைத் தைக்க மாட்டேனா.

முதல் ஜோடிகள் நசீமாவுக்குக் கொடுத்தேன். பேர்ணாம்பட்டுப் பெண். புதுசு, இன்னும் டிரையலில்தான் இருக்கிறாள். மற்றவர்கள் பழைய மாடலை முடிக்கிறார்கள்.

ஆனி 3, செவ்வாய்

நசீமா தைத்தது ஷூவின் மூக்குப் பக்கம், விரல் நுழையும் இடத்தில், தளர்வாக இருந்தது. பார்த்ததும் கோபம்.

"இன்னாடி இது, ஷூவா, ஊஞ்சலா?"

"சார் அங்க லூசா விடச் சொன்னாருக்கா."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? ஊசி புடிக்கவே இன்னும் வரல உனக்கு."

பக்கத்தில் தைக்கும் கஸ்தூரி சிரித்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். நூலைப் பிரித்து நானே இழுத்து இறுக்கினேன், அவள் தைத்த எல்லா ஜோடியும். பார்க்க அழகாய்த்தான் இருந்தது.

மதியம் எலுமிச்சை சாதம். முட்டி வலி ஜாஸ்தி.

ஆனி 4, புதன்

கிழிந்துவிட்டது. கால் மாதிரி இருக்கும் கட்டை அச்சில் ஷூவை ஏற்றும்போது மூக்குத் தோல் இழுபடுமாம். அதற்குத்தான் அங்கே தளர்வு. நான் இறுக்கியதில் ஊசி ஓட்டை எல்லாம் வாயைப் பிளந்துவிட்டது. துணியா, ஒட்டுப் போட.

மேனேஜர் கிழிந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார். "யாரு டோக்கன் இது?"

ஜோடியில் கட்டியிருந்த ஆள் நம்பர் டோக்கன் நசீமாவுடையது. அவள் என்னைப் பார்த்தாள். நான் நூலுக்குத் தேய்க்கும் மெழுகைப் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது பார்க்க.

"நாளைலருந்து வர வேணாம்மா."

புர்கா மாட்டினாள். ஊக்கு குத்திவிட்டது போல, விரலை வாயில் வைத்துக்கொண்டே போனாள்.

வீட்டில் மருமகள், "இன்னா அத்தே, ஒரு மாரியா கீறீங்க?" என்றாள். தலைவலி என்றேன்.

ஆனி 5, வியாழன்

மேகம். மழை இல்லை. நசீமா இடம் காலி. அதில் கஸ்தூரி தன் பையை வைத்தாள். எடுடி என்று கத்திவிட்டேன்.

மேனேஜர் ரூம் வாசல்வரை போனேன், திரும்பினேன். மறுபடி போனேன்.

"அந்தத் தையல் என்னுது சார். அவ சரியாத்தான் போட்டா."

"ஏம்மா, நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

கிழிந்த ஜோடியை மேஜை ஓரம் தள்ளினார்.

"நீயே போயி கூட்டிக்கினு வா. உன் லீடர் வேலையப் பத்தி அப்பறம் பேசலாம்."

சாயங்காலம் பஸ் பிடித்துப் பேர்ணாம்பட்டு. நசீமாவின் அம்மா உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அந்த டீயைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"தப்பு என்னுது நசீமா. மேனேஜர் கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வா."

"அவர் கிட்ட ரூம்ல சொன்னீங்க. என்னைத் திட்னது டேபிள்ல, எல்லார் முன்னாடி."

அம்மா உருதுவில் அதட்டினார்கள். அவள் கேட்கவில்லை. "அங்க வந்து சொல்லுங்கக்கா. வர்றேன்."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கோபம். என் மகளைவிடச் சின்னவள், எனக்கு நிபந்தனை. எங்கள் ஆம்பூர் வருவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. அவள் கேட்டது நியாயம்தான்.

ஜாமெட்ரி பாக்ஸ் மறந்துபோனேன்.

ஆனி 6, வெள்ளி

நசீமா வந்தாள். உட்காரவில்லை. தோளில் பையோடு நின்றாள்.

சொன்னேன். "அந்த ஜோடிங்களைக் கெடுத்தது நான்தான். நசீமா சரியாத்தான் தச்சா. சார் சொன்னது எனக்குப் புரியல. புரிஞ்ச மாரி தலையாட்டிட்டேன்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை.

கஸ்தூரிதான் பேசினாள். "எனக்கும் புரியலக்கா. நீ ஆட்டுன, நாங்களும் ஆட்டுனோம்."

செல்வியும் அப்படித்தானாம். டேபிள் பூராவும். இன்றைக்கு எல்லார் கைக்கும் புது மாடல் வருகிற நாள். சார் சொன்னதைச் சரியாகக் கேட்டு வைத்திருந்த ஒருத்தியையும் துரத்திவிட்டு, அத்தனையும் கிழித்திருப்போம். இதற்கு முன்னால் எத்தனை தடவை என் தலையைப் பார்த்துத் தலை ஆட்டினார்களோ.

மாடல் சாரைக் கூப்பிட்டேன். "புரியல சார். தமிழ்ல, மெதுவா சொல்லுங்க." காதெல்லாம் சூடு. அவர் சொன்னார். பாதியில் மறுபடி பிடி நழுவியது. தலை தானாகவே ஆட வந்தது. பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவ சார்."

நசீமா பையை இறக்கி வைத்தாள். என்னிடம் இன்னும் பேசவில்லை.