ஓரம் நறுக்கிய ரொட்டி

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வலி தேவலை, ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் ஒருவழியாக மாற்றியாகிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லக் கூசித்தான் குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாளைக்கு முன்னால் உன் மாமனார் முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்தார். உனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். கக்கத்தில் ஒரு நீள ரொட்டி, காகிதம் சுற்றி, சூடு ஆறாமல். அவர் கையால் சுட்டதாம். நான் அதை அடுக்களைக்குக் கொண்டுபோய், முறுகலாக இருந்த ஓரத்தையெல்லாம் சீவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நடுவிலிருந்த வெள்ளையை மட்டும் வெண்ணெய் தடவித் தட்டில் வைத்தேன். சுட்டவருக்கே வைத்தேன். கை கழுவ உள்ளே வந்தவர் கூடையைப் பார்த்துவிட்டார். டீயைக் குடித்து முடித்தார், வரேன் சம்பந்தி என்று கிளம்பினார். தெரியாமல் செய்தேன் என்று அம்மாவிடம் சாதித்தேன், உன்னிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஓரத்துக்காகத்தான் அவர் கடையில் கூட்டம் நிற்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன், ரொட்டிக்கடைக்காரர் கொண்டுவந்ததை ஆசையாகத் தின்றால் என் கெத்து என்ன ஆவது என்று நினைத்தேன். அற்பப் புத்தி, வேறென்ன.

மறுநாள் காலை கடையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால், நாலு பக்கமும் ஓரம் நறுக்கிய மெத்தென்ற ரொட்டி. குத்திக்காட்டுகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். கடையில் வரிசை. ஒருவர் நல்லா சிவந்ததாப் பாத்து எடுங்க என்கிறார், ஒரு அம்மாள் படி இறங்குவதற்குள் நுனியை ஒடித்து வாயில் போட்டுக்கொள்கிறாள். என் முறை வருவதற்குள் உன் மாமனார் மாவுக் கையைத் துடைத்தபடி வந்து, என்னைத் தனியாகக் கூட்டிப்போய், யார் காதிலும் விழாதபடி கேட்டார், பல்லுக்கு இதமா இருந்துச்சா சம்பந்தி, உங்களுக்குப் பல்லு சரியில்லன்னு தெரியாம முறுகலா கொண்டாந்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க என்று. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் பொட்டலம் வருகிறது. அம்மா அதை என் தட்டில் வைக்கிறாள், நான் பாதியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகும் எனக்கு ரொட்டி கொடுத்தால், அவர் எதிரிலேயே ஓரத்தைக் கடித்துத் தின்பேன். அதற்குள் அவர் போனில் உன்னிடம் என் பல்லைப் பற்றி விசாரித்தால், என்னைக் காப்பாற்ற எதையும் ஜோடிக்காதே, அப்பாவே பேசுவார் என்று மட்டும் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். அவரைச் சேர்த்து எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, அதையும் மன்னித்துவிடச் சொல்.

இப்படிக்கு,
முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக உள்ள
உன் அப்பா